மரத்தை விட்டுத் தரையைப் பாருங்கள்: நாவப்பழம் பொறுக்கிய அனுபவம்

நாவ மரத்தடிக்குப் போகிற யாரும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். உச்சியில் கொத்துக் கொத்தாகக் கருகருவென்று தொங்கும். கைக்கு எட்டுகிற கிளையில் பார்த்தால் பச்சையும் சிவப்பும்தான் இருக்கும். உடனே யார் மரம் ஏறுவது, ஏணி கிடைக்குமா, கல்லெறிந்தால் விழுமா என்று பேச்சு போகும். வருடா வருடம் ஆனி மாதத்தில் குடும்பத்தோடு போய்ப் பொறுக்கி வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: மரத்தில் நமக்கு ஒரு வேலையும் கிடையாது. வேலை முழுக்கத் தரையில்தான். தரையைச் சரியாகத் தயார் செய்துவிட்டால் பழம் தானாக வந்து சேரும்.

நாங்கள் இருப்பது திருப்பூரில். மரம் இருப்பது குமரலிங்கம் பக்கத்தில், என் மாமா தோட்டத்தில். அம்மாவின் தம்பி அவர். பல்லடம், குடிமங்கலம் என்று உடுமலை போகிற வழியெல்லாம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். மானாவாரிக் காடுகள், பாதி காய்ந்த வேலி, மேய்கிற செம்மறி. உடுமலை தாண்டிக் கொழுமம் பக்கம் திரும்பினால் ஊரே வேறாகிவிடும். அமராவதி ஆற்றின் பழைய வாய்க்கால் பாசனம் அது. நெல்லும் கரும்பும் தென்னையும் கண்ணுக்கு எட்டிய வரை இருக்கும். மாமா தோட்டத்து நாவலை யாரும் நட்டதில்லை. குருவியோ வவ்வாலோ போட்ட கொட்டை வாய்க்கால் ஈரத்தில் பிடித்து வளர்ந்து, இப்போது இரண்டு பேர் கை கோத்தால்தான் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியும்.

நாவல் பங்குனி, சித்திரையில் பூ எடுக்கும். ஆனியில் பழுக்கும். மழை முன்னே பின்னே ஆனால் ஆடி வரை இழுக்கும். ஆக, காலண்டரைப் பார்த்துக் கிளம்பினால் வேலைக்கு ஆகாது. தோட்டத்தில் இருக்கிறவருக்குப் போன் போட வேண்டும். அதிலும் "பழம் பழுத்துருச்சுங்களா?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. ஒரே மரத்தில், ஏன், ஒரே கொத்தில்கூடப் பச்சை, சிவப்பு, கருப்பு எல்லாம் சேர்ந்தே இருக்கும். பழுத்திருக்கிறது என்பார்கள், போனால் கால் பங்குதான் பழுத்திருக்கும். "கீழே உழுகுதுங்களா?" என்று கேளுங்கள். "காலைல நடந்தா செருப்பெல்லாம் ஒட்டுது அம்மிணி" என்று மாமா சொன்னால் அடுத்த ஞாயிறு வண்டி கிளம்பிவிடும். அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டால் மரம் காலியாகிவிடும். ஒரு மரத்தின் நல்ல பழம் இரண்டு மூன்று வாரம் நின்றால் பெரிது.

எனக்கு இந்தப் பழம் பறிக்கிற ஆசை திரும்ப வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மாமா மகள் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறாள். ஜூலை மாதம் வந்தால் குழந்தைகளோடு புளூபெர்ரி தோட்டத்துக்குப் போய் வீடியோ கால் போடுவாள். ஆள் உயரப் புதர்கள், வரிசை வரிசையாக. வாசலில் ஒரு வாளியைக் கொடுத்து உள்ளே விடுவார்கள், நாமே பறித்து, வரும்போது எடை போட்டுக் காசு கொடுக்க வேண்டும். காட்டில் தானாக முளைத்துக் கிடந்த புளூபெர்ரியைத் தோட்டப் பயிராக்கியதே அந்த மாநிலத்தில்தானாம். எலிசபெத் வைட் என்ற பெண்மணியும் பிரெடரிக் கோவில் (Coville) என்ற தாவர ஆராய்ச்சியாளரும் 1911-ல் தொடங்கி, 1916-ல் முதல் விளைச்சலை விற்றார்கள்.

அவள் சொன்னதில் இரண்டு விஷயம் எங்களுக்கு உதவியது. ஒன்று, வாளியை இடுப்பில் கட்டிக்கொள்வது. இரண்டு கையும் சும்மா இருக்கும், வேலை இரட்டிப்பாக நடக்கும். நாங்கள் தூக்குப்போசியின் (தூக்குவாளியின்) கைப்பிடியில் துண்டை நுழைத்து இடுப்பில் கட்டிக்கொள்கிறோம். இன்னொன்று, பழம் நீலமாகிவிட்டது என்பதற்காகப் பறிக்காதே, காம்புப் பக்கம் சிவப்பு வளையம் இருக்கிறதா என்று பார் என்பது. சிவப்பு இருந்தால் இன்னும் இனிப்பு ஏறவில்லை என்று அர்த்தம், பறித்துவிட்டால் அப்புறம் ஏறவே ஏறாது. நாவலுக்கும் இதே கணக்குதான். மாம்பழத்தைப் போல வைக்கோலில் போட்டுப் பழுக்க வைக்க முடியாது. சிவப்பாகப் பறித்தது சிவப்பாகவே சுருங்கும், துவர்ப்பு அப்படியே நிற்கும்.

இங்கே புளூபெர்ரி வளர்க்கலாமா என்று என் பையன் கேட்டான். அந்தச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டும், கார அமில நிலை (pH) நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் இருக்க வேண்டும். நம் பக்கத்து மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக் கல் வரும். மண் வள அட்டையில் எட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். நாவலோ இந்த மண்ணிலேயே, தண்ணீர் தேங்கினாலும் காய்ந்தாலும் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் உள்ளங்கையளவு டப்பாவில் அடைத்து முந்நூறு ரூபாய்க்குப் பக்கமாக விற்கிற அந்தப் பழத்தின் நீலத்துக்கும் நம் நாவலின் ஊதாவுக்கும் காரணம் ஆந்தோசயனின் என்ற ஒரே வகை நிறமிதான். எங்கள் வீட்டில் அதற்குமேல் புளூபெர்ரிப் பேச்சு எழவில்லை.

சொந்தத்தில் மரம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் ஊரில் காசு கொடுத்து உள்ளே போய்ப் பறிக்கிற நாவல் தோட்டங்களை நான் பார்த்ததில்லை. ஆனால் வாய்க்கால் பாசனம் இருக்கிற பக்கமெல்லாம், பொள்ளாச்சி, கோபி என்று எங்கே போனாலும் தோட்டத்துக்கு ஒரு மரமாவது நிற்கும். பாதிப் பேர் பொறுக்க ஆளில்லாமல் விட்டுவிடுகிறார்கள். கேட்டால் கொடுப்பார்கள். கேட்காமல் வேலி தாண்டக்கூடாது. ரோட்டோர மரம், குளத்து மரம் என்றாலும் கேட்டுவிடுவது நல்லது, சில இடங்களில் புளியமரம் மாதிரி மகசூல் ஏலம் போயிருக்கும். மலையடிவாரத்தில் வனத்துறை எல்லைக்குள் நிற்கிற மரத்தின் பக்கமே போக வேண்டாம். சட்டப்படித் தப்பு என்பது ஒரு பக்கம், கரடிக்கு நாவப்பழம் என்றால் உயிர். அது சாப்பிடுகிற இடத்தில் நாம் குழந்தைகளோடு போய் நிற்கக்கூடாது.

தோட்டத்துக்காரருக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். நாங்கள் அத்தைக்குத் திருப்பூரிலிருந்து நல்ல பனியன் துணி கொண்டு போவோம். கிளம்பும்போது பொறுக்கியதில் ஒரு பங்கை அவர்கள் வட்டலில் கொட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவோம். சொந்த மாமா வீடுதானே என்று விடக்கூடாது. அவர்களுக்குப் பொறுக்க நேரம் இருப்பதில்லை, குனிந்து பொறுக்க முட்டியும் ஒத்துழைப்பதில்லை.

இப்போது தரைக்கு வருவோம். விடிகாலை ஆறு மணிக்கெல்லாம் மரத்தடியில் இருந்தால் நல்லது. அதற்காகச் சனிக்கிழமை இரவே போய்த் தோட்டத்து வீடான சாளையில் படுத்துக்கொள்வோம். காலையில் பழம் குளிர்ந்து கெட்டியாக இருக்கும், பொறுக்கும்போது நசுங்காது. பத்து மணிக்கு மேல் வெய்யில் ஏறினால் தொட்டாலே தோல் உரிந்து வரும்.

முதல் வேலை கூட்டுவது. சீமாறு வாங்கி மரத்தடியை நன்றாகக் கூட்டிவிட வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு நீளக் குச்சியால் சருகைத் தட்டிக் கலைக்க வேண்டும். வாய்க்கால் ஓரச் சருகில் பாம்பு படுத்திருப்பது அங்கே சாதாரணம். அந்தக் குச்சி வேலை மாமாவுடையது, குழந்தைகள் அதுவரை களத்திலேயே நிற்க வேண்டும். ராத்திரி விழுந்த பழம் பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் அத்தனையும் ஒரு பக்கமாகக் கூட்டித் தள்ளிவிடுவோம். என் அம்மாவுக்கு இது பொறுக்காது. "இத்தனை நல்ல பழத்தைச் சீமாத்துல கூட்டறீங்களே, ஊதிட்டுச் சாப்பிட்டா என்ன?" என்பார்.

ஊதினால் மண் போகும். வவ்வால் போகாது. நாவல் பழுத்தால் இரவெல்லாம் பழந்தின்னி வவ்வால்கள் மரத்தை விட்டு இறங்குவதில்லை. கடித்துப் போட்டது, சப்பித் துப்பியது, எச்சம் பட்டது எல்லாம் கீழேதான் கிடக்கும். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்ததிலிருந்து, வவ்வால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள் என்று சுகாதாரத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம் அதைக் காதில் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். பல் தடம் இருக்கிற பழம், பாதி தின்ற பழம், ஓட்டை விழுந்த பழம் எதுவும் எங்கள் போசிக்குள் வராது. மரத்திலிருந்து நம் கண் முன்னால் விழுகிற பழம் மட்டும்தான்.

கூட்டி முடித்ததும் படுதா விரிக்க வேண்டும். நெல் காயப்போடுகிற தார்ப்பாய் இருந்தால் போதும். அதன்மேல் பழைய பருத்திச் சேலை இரண்டை விரித்துவிட்டால் விழுகிற பழம் உடையாது. எந்தப் பக்கம் விரிப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து உடுமலைப் பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். அத்தனை காற்றாலை அங்கே நிற்பதே அதனால்தான். மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் பழம் நேராகக் கீழே விழாது, கிழக்கே தள்ளி விழும். எனவே படுதாவின் பெரும்பகுதி மரத்துக்குக் கிழக்கே இருக்க வேண்டும். மூலையில் கல் வைக்க மறந்தால் படுதாவே வாய்க்காலுக்குப் போய்விடும்.

அப்புறம் உலுக்கல். தொரட்டியை எடுத்து இழுத்தால் கிளை முறியும், காயும் பிஞ்சுமாகக் கொட்டும். தொரட்டியின் கொக்கியைக் கிளையில் மாட்டி, இழுக்காமல் மெதுவாக ஆட்ட வேண்டும். நன்றாகப் பழுத்தது மட்டும் பொலபொலவென்று உதிரும். சிவப்பு, பச்சை எல்லாம் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். நாம் தனியாகப் பொறுக்கிப் பிரிக்க வேண்டிய வேலையை இந்த ஆட்டமே செய்துவிடும். எவ்வளவு ஆட்டுவது என்பது கைக்குப் பழக வேண்டும். சிவப்புப் பழம் விழ ஆரம்பித்தால் அதிகமாக ஆட்டுகிறோம் என்று புரிந்துகொண்டு அடுத்த கிளைக்குப் போய்விடுவோம். இந்த வேலையை வீட்டில் பொறுமைசாலியிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது என் மாமனார். என் வீட்டுக்காரரிடம் தொரட்டியைக் கொடுத்தால் சண்டைக்குப் போகிற மாதிரி ஆட்டுவார்.

முதல் உலுக்கலில் படுதாவில் விழுகிற சத்தம் கேட்டதும் குழந்தைகள் ஓடி வருவார்கள். ஓடி வந்து மிதித்தால் போச்சு. உலுக்கும்போது யாரும் படுதா மேல் நிற்கக்கூடாது, உலுக்கி முடித்தபின் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பொறுக்கிக்கொண்டே போக வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் படுதாவிலேயே சாறு பிழிந்த கதைதான். செவ்வெறும்பு இலைகளைச் சேர்த்துக் கட்டிய கூடு இருக்கிற கிளையையும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு அதை விட்டுவிட வேண்டும். அந்தக் கிளையை ஆட்டினால் பழத்தோடு எறும்பும் கொட்டும், கழுத்துக்குள் போய்விட்டால் அன்றைய பொழுது முடிந்தது.

மரம் ஏறுவது பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஏறக்கூடாது. வேறு பேச்சே இல்லை. நாவல் பார்க்கத்தான் உருட்டுக்கட்டை மாதிரி, கிளை மகா நொறுங்கல். புளியென்றால் கிளை முறியும் முன் வளையும், கிறீச்சென்று சத்தம் கொடுக்கும், இறங்க நேரம் கிடைக்கும். இது சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். இளவட்டப் பையன்கள் யாராவது மேலே பார்த்தாலே மாமா ஆரம்பித்துவிடுவார்: "ஏஞ் சாமி, இது புளியமரமல்ல, சடக்குனு ஒடிஞ்சு போயிரும். கீழ வாய்க்கா கல்லுக்கட்டு. பழம் நாளைக்கும் உழுகும்." அந்தப் பக்கத்தில் நாவல் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர் கதை ஊருக்கு ஒன்று இருக்கும்.

வாய்க்கால் இருக்கிற இடமென்றால் குழந்தைகளுக்கென்றே ஓர் ஆள் வேண்டும். பழம் பொறுக்காமல், போன் பார்க்காமல், தண்ணீர்ப் பக்கம் நிற்கிற ஆள். நாங்கள் முறை வைத்துக்கொள்வோம். பழம் உருண்டு வாய்க்காலுக்குள் விழும், அதை எடுக்கத்தான் பிள்ளைகள் குனிவார்கள். படுதாவின் வாய்க்கால் பக்கத்து ஓரத்துக்கு அடியில் ஒரு மூங்கிலைக் கொடுத்து உயர்த்திவிட்டால் உருளுவது நிற்கும். சின்னக் குழந்தைக்கு முழுப் பழம் கொடுக்காதீர்கள். கொட்டை வழுக்கி உள்ளே போய்விடும். நாலு வயது வரை நாமே பிதுக்கி, சதையை மட்டும் ஊட்ட வேண்டும்.

ஒன்பது மணிக்கெல்லாம் களத்துத் திண்ணையில் உட்கார்ந்து பிரிப்போம். மூன்று ஏனம். கெட்டியாக, தோல் பிரியாமல் இருப்பது ஒன்றில், அது ஊருக்குப் போகும். தோல் லேசாகக் கிழிந்தது, சாறு கசிகிறது எல்லாம் இன்னொன்றில், அது அங்கேயே தின்றுவிட அல்லது பிழிந்துவிட. மூன்றாவது ஆட்டுக்கு. அங்கேயே தின்பதை முதலில் ஓர் அகலப் போசியில் உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வைப்போம். மழை பெய்த மறுநாள் பொறுக்கிய பழமென்றால் இது கட்டாயம். பழ ஈ முட்டையிட்டிருந்தால் அரிசி மாதிரி வெள்ளைப் புழு வெளியே வந்து மிதக்கும். ஒரு பழத்தைப் பிட்டுப் பார்த்துவிட்டு அத்தனையையும் நம்பிவிடாதீர்கள், உப்புத் தண்ணீர்தான் சரியாகச் சொல்லும்.

அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, கல்லுப்பைத் தூவி, மூடி போட்ட போசியில் நாலு குலுக்கு. பழத்தோல் லேசாக வெடித்து உப்பு உள்ளே இறங்கும். துவர்ப்புக்குக் காரணமான டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு வறண்டு தடித்த மாதிரி இருக்கிறது. உப்பு சேர்ந்தால் அது கணிசமாக அடங்கும். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம், பிடுங்கி எடுத்துவிடும். அத்தை முதலில் அரிசியும் பருப்புஞ் சோறு போட்டு நெய் விட்டுச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் பழப் போசியைத் திறப்பார். நாவப்பழம் தின்றால் உடனே பால் குடிக்கக்கூடாது என்பது அமுச்சி (அம்மாவின் அம்மா) காலத்திலிருந்து வருகிற கட்டளை. காரணம் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை, குழந்தைகளுக்கு அன்று காபி கிடையாது.

ஊருக்குக் கொண்டு வருவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கவரில் போட்டுக் கட்டி, டிக்கியில் வைத்து, வழியில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் இறங்கிப் பேசிவிட்டு வந்தால் திறக்கும்போது புளித்த வாடை அடிக்கும். பழத்தைக் கழுவாமல், ஈரம் இல்லாமல், அகலமான மக்கிரிக் கூடையிலோ அட்டைப் பெட்டியிலோ வேப்பிலையோ செய்தித்தாளோ போட்டு ஒரு விரற்கடை உயரத்துக்குமேல் குவிக்காமல் பரப்ப வேண்டும். காருக்குள் ஆள் உட்காருகிற இடத்தில் வைக்க வேண்டும், டிக்கியில் அல்ல. வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜ். வெளியே வைத்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான். பிரிட்ஜில் துணி விரித்த டப்பாவில் மூடியை இறுக்காமல் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். தின்னும்போது மட்டும் கழுவுங்கள். அதற்குமேல் இருப்பதைக் கொட்டை நீக்கி, சதையைக் கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சை, சிட்டிகை உப்பு சேர்த்து ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்துவிடுவேன். ஆடி முடிந்து ஆவணியில் விருந்தாளி வந்தாலும் இரண்டு கட்டி எடுத்துத் தண்ணீரில் கரைத்தால் ஜூஸ் ஆயிற்று.

கறை பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. எங்கள் கொழுந்தனார் சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறார். ஒரு தடவை களத்துத் திண்ணையிலேயே பாடம் நடத்திக் காட்டினார். வெள்ளை பனியன் வேஸ்ட் துணியை எடுத்து மூன்று இடத்தில் நாவல் சாற்றைத் தேய்த்தார். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தார், ரோஜா நிறத்துக்குப் போனது. இன்னொன்றில் துணி சோப்பைத் தண்ணீரில் குழைத்துத் தடவினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகி, ஓரத்தில் பச்சை தட்டியது. மூன்றாவதை ஒன்றும் செய்யாமல் வெய்யிலில் போட்டார். "அண்ணி, புளிப்பு பட்டாச் சிவக்கும், காரம் பட்டா நீலமாகும். நீங்க எல்லாரும் எடுத்த உடனே சோப்பைப் போடறீங்க, அது நீலமாகி அழுத்தமாத் தெரியும். முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம் எலுமிச்சை, கடைசியாச் சோப்பு" என்றார். சாயந்திரம் பார்த்தபோது வெய்யிலில் போட்ட துணியில் ஊதா மங்கி, பழுப்பு மட்டும் நின்றிருந்தது. நிறமி வெளுத்துவிடும், டானின் நின்றுவிடும், அந்தப் பழுப்புதான் போகாத கறை என்றார். அதனால் கறையைக் காய விடாமல், அங்கேயே துணியின் பின்பக்கமாகத் தண்ணீர் ஊற்றி அலசிவிடுவது நல்லது. கெட்டிப் பருத்தித் துணியென்றால் கொதிக்கிற தண்ணீரைக் கறை மேல் நேராக ஊற்றினாலும் பெரும்பாலும் இறங்கிவிடும். பட்டுக்கு அது ஆகாது. பட்டுச் சேலையோடு நாவல் பொறுக்க வருகிறவருக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

குழந்தைகளுக்கு நான் ஏற்றுமதியில் கழித்த கருநீல டீசர்ட் வாங்கி வைத்திருக்கிறேன். திருப்பூரில் அதற்கா பஞ்சம்.

கொட்டையில் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டும் நேர்மாறானவை. கன்று வேண்டுமென்றால் கொட்டையைக் காய விடக்கூடாது. சதையை அலசிவிட்டு ஒன்றிரண்டு வாரத்துக்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும், காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். பால் கவரில் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் எருவும் நிரப்பிக் குழந்தைகளையே நடச் சொல்வேன். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வருவது நாவலில் சாதாரணம். பிள்ளைகள் அதற்கு இரட்டைப் பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டுச் சண்டை போடுவார்கள், யாருடைய கவரில் அதிகம் என்று. கொட்டையிலிருந்து வருகிற கன்று காய்க்க எட்டுப் பத்து வருடம் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் நர்சரியில் ஒட்டுக்கன்று வாங்கினால் அதற்கு முன்னாலேயே காய்ப்புக்கு வந்துவிடும்.

இன்னொரு வேலை பொடி. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. களத்தில் எல்லோரும் துப்பிய கொட்டை, உப்புத் தண்ணீரில் பிரிந்த கொட்டை என்று பார்க்காமல் சேர்க்கப் போவார். துப்பியதைத் தனியாக வாங்கி நட அனுப்பிவிட்டு, கையால் பிதுக்கி எடுத்ததை மட்டும் அவரிடம் கொடுப்போம். நன்றாக அலசி, நிழலில் ஒரு வாரம், வெய்யிலில் சில நாள் காய வைத்து, மேல் ஓட்டை உடைத்து, உள்ளே பச்சை தெரிகிற பருப்பை இடித்துச் சலித்து வைத்துக்கொள்வார். டாக்டரிடம் கேட்டோம். பொடி சாப்பிடுவது உங்கள் இஷ்டம், ஆனால் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது, பொடி ஆரம்பித்தால் முதல் சில வாரம் சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து ரொம்ப இறங்கிவிட்டால் மயக்கம் வரும் என்றார். அம்மா தலையாட்டிவிட்டு வந்தார். மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே பொடி டப்பாவும் இருக்கிறது. மாத்திரை மாதா மாதம் தீர்ந்து வாங்குகிறோம், போன வருடத்துப் பொடி இன்னும் முக்கால் டப்பா இருக்கிறது. இந்த வருடமும் இடிக்கத்தான் போகிறார்.